அதிக வெளிச்ச டார்ச் லைட்: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவை, மட்டும் பார்த்து டார்ச் லைட் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன. அந்த எண் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தரமான தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஆன்சி எஃப்எல்-1 என்ற அமெரிக்க அளவீட்டு விதி 2009-இல் வந்தது. விளக்கை எரியவிட்ட 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளந்த வெளிச்சத்தையே அந்த விதி லூமனாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது நிமிடத்தில் என்ன ஆகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டாரைப் போட வரப்பில் நடக்கும் ஆத்தூர் விவசாயிக்கும், ஏற்காட்டில் காபித் தோட்டத்துப் பாதை வழியே வேலை முடிந்து வீடு திரும்புகிறவருக்கும் வேண்டியது அந்த மூன்றாவது நிமிடமும் அதற்கடுத்த ஒரு மணி நேரமும்தான்.

இதே விதியில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்பதைக் கணக்கிடும்போது, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை அது எரிவதாகவே கொள்ளப்படும். ஆகவே, 3,000 லூமன், 3 மணி நேரம் என்று பெட்டி சொன்னால், மூன்று மணி நேரமும் மூவாயிரம் லூமன் கிடைக்கும் என்று பொருளில்லை. இரண்டு நிமிடம் மூவாயிரம், பிறகு நெடுநேரம் எழுநூறு எண்ணூறு, கடைசியில் முந்நூறு என்றுகூட அது இருக்கலாம். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் நேரத்துக்கு நேரம் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்பதை வரைபடமாகவே தருகிறார்கள். அதைத் தராத டார்ச்சை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

வெளிச்சம் ஏன் இறங்குகிறது என்பதைச் சிறிய கணக்கொன்றால் புரிந்துகொள்ளலாம். எல்இடி, சர்க்யூட் இழப்பு எல்லாம் சேர்த்து ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 3,000 லூமனுக்கு பேட்டரி 30 வாட் கொடுக்க வேண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகும். மீதி 20 வாட் வெப்பமாகும். பழைய குண்டு பல்பில் வெப்பத்தின் பெரும்பகுதி ஒளிக்கற்றையோடு சேர்ந்தே வெளியே போய்விடும். எல்இடியில் அப்படிப் போவதில்லை. எல்இடி பதிந்திருக்கும் உலோகத் தகடு வழியாக வெப்பம் டார்ச்சின் உடலுக்கு இறங்கி, அங்கிருந்துதான் காற்றுக்குப் போக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினிய உடல், அசையாத காற்றில், சுற்றுப்புறத்தைவிட இருபது டிகிரி சூடாக இருக்கும்போது வெளியேற்றக்கூடியது இரண்டு மூன்று வாட்தான். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம். ஐந்து எச்.பி. மோட்டார் ஓடும்போது தொட்டியின் அடியில் அரை அங்குலக் குழாயை மட்டும் திறந்து வைத்தால் தொட்டி வழிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. நூறு கிராம் அலுமினியமும் எழுபது கிராம் செல்லும் சேர்ந்த உடல் 20 வாட் வெப்பத்தில் எட்டு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகும்.

நம் ஊர் இந்தக் கணக்குக்குள் வருவது இங்கேதான். மே மாதம் இரவு ஒன்பது மணிக்குச் சேலத்தில் 32 டிகிரி இருப்பதாகவும், டார்ச்சின் சர்க்யூட் 50 டிகிரியில் வெளிச்சத்தைக் குறைப்பதாகவும் கொண்டால், இடையில் இருப்பது 18 டிகிரி; இரண்டரை நிமிடத்துக்குள் எல்லையைத் தொட்டுவிடும். அதே டார்ச்சை மார்கழி இரவில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், 14 டிகிரியில் எரியவிட்டால் இடைவெளி 36 டிகிரி. ஐந்து நிமிடம் வரை தாங்கும். அதற்குப் பிறகு நிலையாகக் கிடைக்கும் வெளிச்சமும் மலையில் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். உயரத்தில் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவதால் வெப்பத்தை அது கொஞ்சம் குறைவாகவே அள்ளிச் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் குளிர் தரும் ஆதாயத்தின் முன் அது ஒரு பொருட்டல்ல. மலையில் நன்றாக எரிந்த டார்ச் கீழே வந்ததும் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வெளிச்சம் தானாகக் குறைந்ததும் பதறிப்போய் மறுபடியும் டர்போவை, அதாவது உச்ச வெளிச்ச நிலையை, அழுத்துவது அடுத்த தவறு. சூடு இறங்கும் முன் மீண்டும் மீண்டும் அழுத்தினால், ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் குறைந்த நேரமே டர்போ நிற்கும். பேட்டரி மட்டும் வேகமாகக் கரையும். எல்இடி எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு ஒரே மின்சாரத்தில் அது தரும் வெளிச்சமும் குறைவதால், கொதிக்கும் டார்ச்சை விரட்டுவதில் ஆதாயம் எதுவும் இல்லை. சூடு தாங்கவில்லை என்று உடலைச் சுற்றித் துணியோ ரப்பர் உறையோ போடுகிறவர்களும் உண்டு. கைக்குச் சூடு தெரியாமல் போகும். உள்ளே இருக்கும் செல்லுக்குத் தெரியாமல் போகாது. ஓடைத் தண்ணீரில் முக்கி ஆறவைப்பதும் வேண்டாம்: உள்ளிருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கும்போது, மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதன் வழியாக அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாறாக, வெப்பக் கட்டுப்பாடே இல்லாத மலிவு டார்ச்சுகளில் வெளிச்சம் தானாகக் குறையாது. வாங்குகிறவர் அதைச் சிறப்பு என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் கட்டுப்பாடு அவர் கையில் விடப்பட்டிருக்கிறது, கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாவதற்கு முன் அணைக்க வேண்டியவர் அவரேதான்.

மூவாயிரம் லூமன் எண்ணூறாக இறங்கினால் உலகமே இருண்டுவிடும் என்று தோன்றும். கண் அப்படிக் கணக்கிடுவதில்லை. இரு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற வேண்டுமானால் லூமன் நான்கு மடங்குக்கும் மேல் கூட வேண்டியிருக்கும். இங்கேதான் பேட்டரிக் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 21700 அளவுள்ள (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம்), 5,000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள செல்லில் இருப்பது 18 வாட்-மணி. வெப்பம் அனுமதித்தாலும் 30 வாட்டில் அது 36 நிமிடம்தான் வரும். முந்நூறு லூமனில், எல்இடி குறைந்த மின்சாரத்தில் இன்னும் சிக்கனமாக எரிவதால், 2.3 வாட் அளவே செலவாகி ஏறக்குறைய எட்டு மணி நேரம் வரும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு. நேரமோ பதின்மூன்று மடங்கு. ஆகையால், டார்ச்சை அதன் நடு நிலை வெளிச்சத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டர்போ என்பது தோட்டத்து மூலையில் அசைந்தது என்ன என்று அரை நிமிடம் பார்ப்பதற்கு. அந்த அசைவு காட்டெருமையாக இருந்தால், முகத்தில் அடித்துக்கொண்டே நிற்காமல் ஒளியைத் தரைக்குத் தாழ்த்தி விலகிவிடுவது நல்லது. கண் கூசிய மிருகம் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூரத்தையும் லூமனையும் ஒன்றென்று நினைப்பது வேறொரு குழப்பம். தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா, அதாவது ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், பெட்டியில் போடும் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400 மீட்டர். தூரம் இரட்டிக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்த இருநூறாவது மீட்டரில் விழுவது முழு நிலவின் ஒளி அளவுக்கான 0.25 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) என்பதால், அங்கே ஏதோ ஒன்று நிற்பது தெரியும். என்ன நிற்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. குறைந்த லூமனையும் ஆழமான பிரதிபலிப்பானையும் கொண்ட டார்ச், அகலமாக அடிக்கும் பெரிய லூமன் டார்ச்சைவிடத் தொலைவைக் காட்டும், அதுவும் குறைந்த சூட்டில்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தெளிந்த காற்றுக்கு உரியது. ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவதொன்றில், பனிமூட்டத்துக்குள் வண்டி பஞ்சராகி நிற்கும்போது டர்போவைப் போட்டுப் பாருங்கள்: கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். ஒளியைக் கூட்டக் கூட்ட, மூட்டத்தின் நீர்த்துளிகள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதும் கூடும். அங்கே செய்ய வேண்டியது வெளிச்சத்தைக் குறைத்து, டார்ச்சை இடுப்புக்குக் கீழே, கண்ணிலிருந்து தள்ளிப் பிடிப்பது. தலையில் மாட்டும் விளக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் கைவிளக்கைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்கு வெகு அருகிலிருந்தே ஒளியை அனுப்புகிறது. மஞ்சள் ஒளி மூட்டத்தைத் துளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மூட்டத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் நிறம் பெரிய வேறுபாடு செய்வதில்லை. கண்ணுக்குக் கொஞ்சம் கூச்சம் குறையலாம், அவ்வளவுதான்.

பேட்டரியில் நடக்கும் ஏமாற்று இவை எல்லாவற்றையும்விட மலிவானது, ஆபத்தானதும்கூட. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்லில், நல்ல தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருவது 3,500 எம்.ஏ.எச். அளவுதான். பளபளப்பான உறையில் 9,800 என்று அச்சிட்ட அதே அளவுச் செல் எழுபது ரூபாய்க்கோ எண்பது ரூபாய்க்கோ கிடைத்தால், அந்த எண்ணைப் படிக்கவே வேண்டியதில்லை; எடை போட்டால் போதும். உண்மையான 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கிற சின்ன மின்னணுத் தராசில் வைத்து, முப்பது கிராம் சொச்சம் காட்டினால், உள்ளே உறைக்குப் பாதிதான் சரக்கு. எடை சரியாக இருப்பதாலேயே செல் நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. எடை குறைந்திருந்தால் அது கெட்டது என்பது மட்டும் உறுதி.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தெடுத்த செல்களை டார்ச்சில் போடுவது இன்னொரு வழக்கம். எம்.ஏ.எச். மிச்சமிருக்கிறதே என்பார்கள். டர்போவுக்கு வேண்டியது கொள்ளளவு மட்டுமில்லை, எட்டு ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்கும் திறனும்தான். தேய்ந்த செல்லின் உள்மின்தடை 0.1 ஓம் ஆக இருந்தால், எட்டு ஆம்பியரில் 0.8 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். ஆறு வாட்டுக்கு மேல் வெப்பம் செல்லின் வயிற்றுக்குள் உண்டாகும். நல்ல செல்லில் இது இரண்டு வாட்டைத் தாண்டாது. வோல்ட் இப்படி விழுவதால், பாதி சார்ஜ் இருக்கும்போதே சர்க்யூட் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. டார்ச் மோசம் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது. மலைக்குளிரில் பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். உறைநிலைக்கு அருகில் லித்தியம் செல் தளரும் என்பது உண்மை. ஏற்காட்டுக் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை. இரண்டு மூன்று செல் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது: வரிசையாக இணைந்த செல்களில் வலுவில்லாதது முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும்போது தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

மங்கலாக எரிகிறது என்று செல்லை மாற்றுவதற்கு முன் பின்மூடியின் மரையைத் துடைத்துப் பாருங்கள். அங்கே படிந்த அழுக்கும் ஸ்பிரிங்கில் ஏறிய கறுப்பும் தரும் மின்தடை, நல்ல செல்லையும் தேய்ந்ததாகக் காட்டிவிடும்.

எரிந்து சூடான டார்ச்சை அப்படியே சார்ஜில் போடக்கூடாது. பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரியும், பயன்படுத்தும்போது 60 டிகிரியும் எல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் சித்திரை வைகாசியில் இந்த இரண்டாவது எல்லையும் தாண்டிவிடும் என்பதால், அவசரத்துக்கு உதவும் என்று டேஷ்போர்டில் டார்ச் வைத்திருப்பவர் அந்தச் செல்லை நாள்தோறும் கிழடாக்கிக்கொண்டிருக்கிறார். முழுச் சார்ஜோடு சூட்டில் கிடப்பது இன்னும் கெடுதல். மாதக்கணக்கில் எடுக்காத டார்ச்சைப் பாதிச் சார்ஜில், வீட்டின் குளிர்ந்த பக்கத்து அலமாரியில் வைக்கலாம்; கூடுதல் செல்லைச் சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் போடாமல் பிளாஸ்டிக் கூட்டில் வைக்கலாம்.

பைக்குள் தானாக எரிந்துவிட்ட டார்ச் இவற்றில் மிகவும் அசட்டையாக விடப்படும் ஆபத்து. கறுப்புத் துணியில் ஒட்டியபடி டர்போவில் எரியும் கண்ணாடி, துணியைக் கருக்கிவிடும். கோடையில் காய்ந்த சருகின் மேல் முகம் குப்புற வைத்தாலும் அதே கதிதான். பொத்தானைப் பூட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டாலே பெரும்பாலான டார்ச்சுகளில் இணைப்பு துண்டிக்கப்படும். மரையில் நிறமேற்றிய மின்கடத்தாப் பூச்சு இல்லாத மாடல்களில் மட்டும் இது வேலை செய்யாது என்பதால், வாங்கிய அன்றே ஒருமுறை தளர்த்திப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுவது அவசியம்.