பெட்டை பருவத்தில் இருக்கும்போது பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு பெட்டை நாய்கள் உள்ள ஒரு பயிற்சிக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டை சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது இனச்சேர்க்கைக்குத் தயாராகும் காலத்துக்கு, வரும். வந்தால் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். நான்கும் வெவ்வேறு சமயத்தில் வந்தால், ஆண்டில் 20 வாரங்களுக்கு மேல் ஏதாவது ஒன்று பருவத்தில்தான் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட்களில் ஐந்து மாதத்துக்குள்ளேயே மறுபடி வருவதும் உண்டு. நிலைமை இப்படி இருக்க, ஒவ்வொரு முறையும் இடி விழுந்ததுபோல் வகுப்பையே கலைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால், எதுவுமே நடக்காததுபோல் எல்லா நாய்களையும் ஒன்றாகத் திடலில் இறக்கிவிடுகிறார்கள். வேலைக்குப் பழக்கும் நாய்க்கு இரண்டுமே கெடுதல்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு ஒன்று உண்டு: ரத்தத்தை வைத்து நாள் கணக்குப் போடுவது. முதல் கட்டத்தில் பிறப்புறுப்பு வீங்கி ரத்தம் கசியும். ஆண் நாய்கள் மொய்க்கும். பெட்டையோ சீறித் துரத்தும். இது சராசரியாக ஒன்பது நாள். அதன்பிறகு கசிவு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரும், வீக்கம் இளகும். முதுகின் பின்பகுதியைத் தொட்டால் பெட்டை வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கருத்தரிக்கும் காலம் இதுதான். இதுவும் சராசரி ஒன்பது நாள் என்றாலும், மூன்று நாளில் முடியும் பெட்டையும் உண்டு, மூன்று வாரம் இழுக்கும் பெட்டையும் உண்டு. ஆக, “ரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை” என்று சொல்லிப் பெட்டையைத் திடலுக்கு அழைத்து வருகிறவர், மிகவும் ஆபத்தான வாரத்தில்தான் அழைத்து வருகிறார். தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பெட்டைகளில் ரத்தம் கண்ணில் படாமலே போவதும் உண்டு. பருவம் நெருங்கும் மாதத்தில் தினமும் காலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, முதல் கறை தெரிந்த தேதியை நோட்டில் குறித்து வைப்பதே சரி. கடையில் கிடைக்கும் ஜட்டியை மாட்டிவிட்டுக் கவலையை விட்டுவிடாதீர்கள். அது காரின் இருக்கையைக் காக்கும், பெட்டையைக் காக்காது.

பருவத்தில் உள்ள பெட்டையைக் கடைசியாக இறக்க வேண்டும் என்பது பெரும்பாலானோருக்குத் தெரியும். ஆனால் கடைசியாக இறக்க வேண்டிய அதே பெட்டையைக் காலையிலேயே கொண்டுவந்து, வாசலோரம் சிறுநீர் கழிக்க விடுவார்கள். அடுத்து அந்த வழியே வரும் ஆண் நாயைக் கவனியுங்கள். மண்ணில் மூக்கை அழுத்தும். நாக்கால் தொட்டு எடுக்கும். தாடை நடுங்கிப் பற்கள் தந்தியடிக்கும். உதட்டோரம் நுரை கட்டும். மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் உள்ள சிறு துளை வழியாக, இனச்சேர்க்கை வாசனைகளை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அந்த வாசனையை அது ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் “உட்கார்” என்ற சொல்லுக்கு அதனிடம் இடமில்லை. பெட்டை வீட்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். மற்ற நாய்கள் கிளம்பும் நேரத்தில் வந்து சேரட்டும். முடிந்தால் திடலின் மறுகோடியில், வேறு வழியாக உள்ளே வரட்டும்.

வாசனை மண்ணில் மட்டும் தங்குவதில்லை. கடிப் பயிற்சியில் கையில் மாட்டும் உறை, இழுத்து விளையாடும் சணல் பொம்மை, கூண்டு, வண்டியின் பின்பக்கம் என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பெட்டையைத் தடவிக் கொடுத்த கையை அதே பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஆண் நாயிடம் போகும் பயிற்சியாளர், பிறகு “இன்றைக்கு இதற்கு என்ன ஆயிற்று?” என்று கேட்பது எனக்கு எப்போதுமே வேடிக்கை. அந்த மூன்று வாரமும் பெட்டைக்கென்று தனிக் கயிறு, தனிப் பொம்மை, தனி உறை ஒதுக்கிவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் தவறு. ஆண் நாய் தரையை மோப்பம் பிடிக்கிறது, கூப்பிட்டால் வரவில்லை. உடனே கழுத்துச் சங்கிலியைச் சுண்டுகிறார்கள். அடங்கவில்லை என்றால் இன்னும் பலமாக. நாய்க்கோ, தான் எதற்காக வலியை வாங்குகிறோம் என்று புரிவதில்லை. அந்த நேரத்தில் கண்முன் எது இருக்கிறதோ அதோடுதான் வலியை முடிச்சுப் போடும். அது பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆண் நாயாக இருந்தால், அன்றைக்கே சண்டை மூளும். “கூட நட” என்ற பயிற்சியாக இருந்தால், அடுத்த மாதம் பெட்டையே இல்லாத திடலிலும் அது காதை மடக்கிக்கொண்டு நடக்கும். தின்பண்டம் காட்டி மயக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பல ஆண் நாய்கள் இந்த நாட்களில் வீட்டிலேயே சாப்பாட்டைத் தொடாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: தூரத்தைக் கூட்டுவது. நாய் தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் தூரம் வரை பின்வாங்கி, அங்கே ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இரண்டு கட்டளைகளைச் செய்யவைத்துப் பாராட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுங்கள். புதுப் பாடம் எதையும் அன்று தொடங்காதீர்கள்.

“அப்படியானால் வேலை நாய்க்கு இது பழகவே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தெருக்களில் பருவத்தில் உள்ள ஒரு பெட்டையின் பின்னால் ஐந்தாறு ஆண் நாய்கள் அலைவது அன்றாடக் காட்சி. அந்தத் தெரு வழியாகத்தான் காவல்துறையின் மோப்ப நாயும் தடம் பிடித்துப் போக வேண்டும். ஆகவே பழக வேண்டும்தான். எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் நாயைப் பருவப் பெட்டைக்கு இரண்டு அடி தூரத்தில் நிறுத்தி, “சோதனை” என்று சொல்வது சோதனையே அல்ல. அந்த நாய் அங்கே கற்பது, கட்டளையை மீறினாலும் ஒன்றும் ஆகாது என்பதை மட்டும்தான். பாடம் உறுதியாகப் படிந்த, முதிர்ந்த நாயை, முதலில் பெட்டை நேற்று நடந்த இடத்தில் வேலை செய்யவையுங்கள். பிறகு பெட்டை கண்ணில் படும் தொலைவில். நெருங்குவது அதற்கும் பின்னால்.

பெட்டையை மூன்று வாரம் வீட்டில் கட்டிப்போடுவது எதிர்த்திசைத் தவறு. பருவம் நோயல்ல. சில பெட்டைகள் சற்றுச் சோர்ந்து, சட்டென்று மிரளும். சில வழக்கம்போலவே வேலை செய்யும். எஃப்சிஐ என்ற பன்னாட்டு நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் விதிப்படி, தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பிரிவாக நடக்கும் ஐஜிபி என்ற வேலை நாய்த் தேர்வுகளில்கூடப் பருவத்தில் உள்ள பெட்டைக்குத் தடையில்லை. மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வைத்து, கீழ்ப்படிதல், காவல் பிரிவுகளில் கடைசியாக இறக்க வேண்டும், அவ்வளவே. வேறு நாய்கள் வராத வயலில் தடம் பிடிக்கவிடுவது இந்த நாட்களுக்கு ஏற்ற வேலை. நீளக் கயிறு மட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும். நன்றாகப் பழகிய பெட்டையும் இந்த நேரத்தில் ஆண் நாயைத் தேடி ஓடிவிடும்.

எல்லாக் கவனத்தையும் மீறி இரண்டும் இணைந்துவிட்டால், இழுத்துப் பிரிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், அடிக்காதீர்கள். அரை மணி நேரம்வரை கூடப் பூட்டிக்கொண்டிருக்கும். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் இரண்டுக்குமே காயம் ஏற்படும். பெட்டை உட்கார்ந்துவிடாமலும் உருளாமலும் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். குட்டி வேண்டாம் என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மனிதர்களுக்கான ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் நாயின் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும்.

பருவம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுவது பலரும் உணராத தவறு. சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அடுத்த இரண்டு மாதம் பெட்டையின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும். அது இறங்கும் சமயத்தில், அதாவது ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, பொய்ச்சினை தலைகாட்டும். மடி பெருக்கும், பால்கூடச் சுரக்கும், மூலையில் குழி பறிக்கும். பந்தைக் குட்டிபோலக் கவ்வி ஒளித்துவைத்து, எடுக்கப் போனால் உறுமும். நேற்றுவரை பந்துக்காக உயிரை விட்ட நாய் இன்று திருப்பித் தராவிட்டால் அதைத் திமிர் என்று படித்துவிடுகிறார்கள். சில வாரம் பந்தையும் பொம்மையையும் எடுத்து வைத்துவிட்டு, நடையும் மோப்ப வேலையும் கொடுத்தால் தானே தணியும். மடியைக் கறந்துவிடாதீர்கள், பால் மேலும் சுரக்கும்.

ஆனால் இதே வாரங்களில் பெட்டை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, படுத்தே கிடந்தால் விஷயம் வேறு. கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே கசிவே தெரியாமலும் இது வரும். அன்றைக்கே மருத்துவரிடம் போகாவிட்டால் உயிர் போகும். போட்டித் தேதிக்காகப் பருவத்தைத் தள்ளிப்போடப் போடும் ஹார்மோன் ஊசியும் இந்த நோய்க்கு வழி திறந்துவிடும் என்பதால், எவ்வளவு பெரிய போட்டி என்றாலும் அதை நான் ஏற்பதில்லை. குட்டி எடுக்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்டால், பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன்னால் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், வேலை நாய் என்பதைச் சொல்லி மருத்துவரிடம் வயதைக் கேட்டு முடிவெடுங்கள்.