வரைபடம் காட்டாத மின்தடைகள்: அனலாக் சுற்று பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் என்னிடம் வரும் இறுதியாண்டு மாணவர்கள் அந்தக் காற்றில்தான் தங்கள் சுற்றுகளைச் சோதிக்கிறார்கள். ஆப்-ஆம்ப் எனும் பெருக்கி ஐ.சி.யின் சமன்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் தாளில் வரைந்ததே முழுச் சுற்று என்று நம்பிவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையிலிருந்து முளைப்பவை.

சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்வோம். 1860இல் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி ஏது? சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைக்கும்போது அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி மின்முனை 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் தரும். அதன் உள்மின்தடை 100 மெகா ஓம் அளவில் இருக்கும். அதனுடன் இணைத்த பெருக்கியின் உள்ளீடு ஒரே ஒரு நானோ ஆம்பியர் இழுத்தால் போதும், 100 மில்லிவோல்ட் பிழை. ஒன்றரை அலகுக்கும் மேல். 741 என்ற பழைய ஆப்-ஆம்ப் இழுப்பதோ பத்துக்கணக்கான நானோ ஆம்பியர்.

மாணவர்கள் இதை அறிந்து, பிக்கோ ஆம்பியர் மட்டுமே இழுக்கும் ஃபெட் (புலவிளைவு டிரான்சிஸ்டர்) உள்ளீட்டு ஆப்-ஆம்பைச் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு போர்டில் பற்றவைத்து, பற்றவைப்புக்கு உதவும் ஃப்ளக்ஸ் பிசினைத் துடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கமான எட்டுக்கால் ஐ.சி.யில் மூன்றாவது கால் உள்ளீடு. அதை ஒட்டிய நான்காவது கால் எதிர்மின் வழங்கி. அங்கே 15 வோல்ட் இருந்து, ஈரமேறிய பிசின் இரண்டுக்கும் இடையே 10 கிகா ஓம் பாதையை உண்டாக்கினால், கசிவு 1.5 நானோ ஆம்பியர். வாங்கிய விலையுயர்ந்த ஐ.சி.க்கு அதன் பிறகு என்ன மதிப்பு? நானும் ஒரு முறை மூன்று ஐ.சி.களை மாற்றிப் பார்த்த பிறகே போர்டைக் கழுவினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். உள்ளீட்டுக் காலைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் நிற்கும் காப்பு வளையம் ஒன்றைச் செம்பில் வரையுங்கள்; கசிவு அதிலேயே நின்றுவிடும். முடிந்தால் அந்தக் காலைப் போர்டில் படாமல் தூக்கி, மின்கசிவு மிகக் குறைந்த டெஃப்ளான் தாங்கியில் இணைத்துவிடுங்கள்.

கணினி சிமுலேஷன் இதைக் காட்டவில்லையே என்று குறை சொல்லிப் பயனில்லை. அந்த 10 கிகா ஓமை நீங்களே அதில் சேர்த்துவிடுங்கள். வெளியீட்டில் ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளுக்கு 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியையும் சேர்த்துவிடுங்கள். பல ஆப்-ஆம்ப்கள் அந்தச் சுமையிலேயே தானாக அலைவுறத் தொடங்குவதைத் திரையில் காண்பீர்கள். வெளியீட்டுடன் தொடராக 50 முதல் 100 ஓம் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளக்கும் கருவியும் சுற்றின் உறுப்புதான். மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் புரோபில் (தொடுமுனையில்) உள்ள 15 சென்டிமீட்டர் தரைக் கம்பிக்கு ஏறத்தாழ 150 நானோ ஹென்றி தூண்டல் உண்டு. புரோபின் 12 பிக்கோ ஃபாரட்டோடு சேர்ந்து அது 120 மெகா ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்ந்து, திரையில் நெளிவாகத் தெரியும். அந்த நெளிவைச் சுற்றின் குற்றம் என்று எண்ணி, மாணவர்கள் இரவு முழுக்கத் தேடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. முனையில் பொருத்தும் குட்டித் தரைச் சுருளைப் பயன்படுத்துங்கள்.

வடிகட்டியில் எக்ஸ்7ஆர் வகைப் பீங்கான் மின்தேக்கி வேண்டாம். மின்னழுத்தம் ஏற ஏற அதன் கொள்ளளவு குறையும். சி0ஜி வகையே நல்லது.

லோட் ஷெடிங் எனும் மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டரில் நுண்ணிய அளவீடு எடுக்காதீர்கள். அதன் படிக்கட்டு அலை எல்லாவற்றிலும் புகும். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் போதும். மின்சாரம் திரும்பியபின் இரைச்சல் கேட்டால், முதலில் அதிர்வெண்ணைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் வெளிப்புலத்தையோ தரை வளையத்தையோ தேடுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் மின்வழங்கியில் ஏ.சி.யை டி.சி.யாக்கும் திருத்தியையும் அதன் பெரிய மின்தேக்கியையும் திறந்து பாருங்கள்.