தொலைநிலைக் கல்வியிலேயே எம்.ஏ.: சேரும் முன் ஒரு வேலை

தொலைநிலைக் கல்வியை எப்படி நடத்துவது என்று சொல்லித்தரவே இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஒரு எம்.ஏ. இருக்கிறது. அதையும் தொலைநிலையிலேயே படிக்கலாம் என்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பயிற்சித் துறையிலோ பாடம் எழுதும் வேலையிலோ இருப்பவர்களுக்கு நன்றாகவே உதவும். பணம் கட்டும் முன் இ-ஞானகோஷ் தளத்துக்குப் போங்கள், இக்னோ பாடநூல்கள் அங்கே இலவசம், பாட வடிவமைப்பு பற்றிய தாளை இறக்கி இரண்டு அலகாவது படித்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் பணமாவது மிஞ்சும். பிடித்திருந்தால் சரி, இந்தப் பருவச் சேர்க்கைப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதலில் டெப் ஐடி (தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசியின் தளத்தில் எடுக்கும் மாணவர் எண்) எடுங்கள், அது இல்லாமல் இப்போது சேர முடியாது. அப்புறம் அசைன்மென்ட். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்தான், ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அசைன்மென்டில்தான், அதன் கடைசித் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.