சினை நண்டை வீணாக்காம இருக்க ஊர்ல பேசி ஒரு கட்டுப்பாடு கொண்டு வர்றது எப்படி

கடலூர் பக்கம் ஃபைபர் போட்டுல நண்டு வலை விடுறவங்களுக்காக எழுதுறேன், தாழங்குடால இருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் எந்த குப்பமா இருந்தாலும் சரி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு தான், நம்ம சின்ன போட்டுக்கு இல்ல. நண்டோ வருஷம் பூரா சினை வைக்குது. அதனால இதை நாமளே பேசி வச்சுக்கிட்டா தான் உண்டு.

முதல்ல நண்டை புரட்டிப் பாருங்க. வயித்துல மூடி மாதிரி இருக்குற தகடு அகலமா வளைஞ்சிருந்தா பொட்டை, ஒல்லியா கூரா இருந்தா ஆண். அந்த தகடுக்கு வெளிய பஞ்சு மாதிரி முட்டை பிதுங்கி நிக்கும், அது தான் சினை. மஞ்சளா ஆரஞ்சா இருந்தா இப்பதான் வச்சிருக்கு, போகப்போக பழுப்பாகி கடைசில கருப்பு கட்டிடுச்சுன்னா ஓரிரு நாள்ல பொரிஞ்சிடும். ஒரு நீலக்கால் நண்டு வயித்துல லட்சக்கணக்குல முட்டை இருக்கு, நாம அதை கிலோல சேத்து நிறுத்து குடுத்துட்டு வந்துடுறோம்.

மஞ்சள் சினையை வலையிலயே கழட்டி உடனே கடல்ல விட்டுடுங்க. இழுக்காதீங்க, கால் உதிர்ந்திடும், முட்டையும் பிஞ்சிடும். வலைக் கண்ணை அறுத்து எடுங்க, வலையில ஒரு கண்ணு போனா போவுது, சாயங்காலம் கோத்துக்கலாம்.

கருப்பு சினையை விட எவனுக்கும் மனசு வராது, எங்க அப்பாவுக்கே வரல, டீசல் காசு யாரு குடுப்பான்னு கேட்டாரு, நியாயம் தானே. அதுக்கு ஒரு வழி இருக்கு, தாய்லாந்துல மீனவங்க இதை நண்டு பேங்க்னு சொல்லி பண்றாங்க. ஒரு நண்டுக்கு ஒரு பக்கெட், சேத்து போட்டா ஒன்னை ஒன்னு கடிச்சிக்கும். தண்ணிய கடல்ல இருந்தே மோந்துக்கங்க, உப்பனாறு முகத்துவாரத்துல எடுக்காதீங்க, மழை பேஞ்சா அங்க உப்பு இறங்கிடும். மீன் தொட்டிக்கு போடுற ஏர் பம்ப் போதும், ஆனா கரண்ட் போனா நண்டு செத்துடும்ங்கறதால பேட்டரில ஓடுறது ஒன்னு கையில இருக்கட்டும். நிழல்ல வைங்க. காலைல டார்ச் அடிச்சுப் பாத்தா தூசி மாதிரி குஞ்சுங்க வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும். அன்னிக்கே போட்டுல எடுத்துட்டுப் போய் அலைக்கு அந்தாண்ட மெதுவா ஊத்திடுங்க, கரையில கொட்டினா அலையே மணல்ல தூக்கிப் போட்டுடும். தாயை ஏலத்துல போட்டுக்கலாம், காசு எங்கயும் போகல.

இனிமே தான் கஷ்டமான வேலை, ஊரு. வெறுங்கையோட பஞ்சாயத்துல போய் நிக்காதீங்க. மூணு மாசம் ஒரு நோட்டு போடுங்க: தேதி, எத்தனை பாகம் (ஆறடி ஒரு பாகம்) ஆழம், மொத்தம் எத்தனை நண்டு, அதுல சினை எத்தனைன்னு. நாலஞ்சு போட்டுக்காரங்க எழுதினா போதும். அந்த நோட்டை முதல்ல நாட்டாமைகிட்ட காட்டாதீங்க, ஏலம் விடுற அக்காங்ககிட்ட காட்டுங்க. மஞ்சள் சினையை ஏலத்துல ஏத்த மாட்டோம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது, கடல்ல யாரும் யாரையும் பாக்க முடியாது, ஆனா கரைக்கு வந்தா எல்லா கூடையும் அவங்க கண்ணு முன்னாடி தான்.

கூட்டத்துல சுருக்குவலை, அதான் மீன் கூட்டத்தையே சுத்தி வளைச்சு அள்ளுற பெரிய வலை, அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீங்க. 2000லயே தடை போட்டது, 2023ல சுப்ரீம் கோர்ட் 12 கடல் மைலுக்கு அந்தாண்ட வாரம் ரெண்டு நாள்னு சொன்னது, அதுல ஊருக்கு ஊர் அடிதடியே நடந்திருக்கு, நம்ம நண்டு அதுல காணாம போயிடும். அபராதமும் இப்ப வேணாம், ஒரு சீசன் சோதனைன்னு கேளுங்க. ஒத்துக்கிட்டா கோவில் மைக்ல சாயங்காலம் சாயங்காலம் சொல்ல வைங்க. மைக்கை சும்மா நினைக்காதீங்க, 2004 சுனாமி அன்னிக்கு புதுச்சேரி நல்லவாடுல சிங்கப்பூர்ல இருந்து வந்த போனை நம்பி மைக்ல சொன்னதால தான் சனம் தப்பிச்சுது.

பக்கத்து குப்பத்துலயும் போய் சொல்லிடுங்க, சொல்லாம விட்டா நாம விட்டதை அவங்க வலையில பாத்துட்டு நம்ம பசங்க ரெண்டே வாரத்துல நிறுத்திடுவாங்க. போகும்போது நோட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க, ரெண்டு அக்காங்களையும் கூட கூட்டிட்டுப் போங்க.