முகநூலை விட்டபின் நட்பில் செய்யக்கூடாத தவறுகள்

என்னுடன் பணியாற்றும் இரண்டு இளைஞர்கள் அண்மையில் முகநூலை விட்டார்கள். 2019-இல் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எண்களை வாங்காமல் கணக்கை நீக்குவது

நீக்கக் கோரிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மனம் மாறினால் முகநூல் கணக்கை மீட்கலாம், அதன்பின் வழியில்லை. தரவுகளைத் தரவிறக்கிவிட்டோம் என்றும் நிம்மதி அடைய வேண்டாம். நண்பர் பட்டியலில் பெயர்கள் வரும், கைப்பேசி எண்கள் வாரா.

தேடி வருகிறார்களா என்று காத்திருப்பது

‘உண்மையான நண்பன் தேடி வருவான்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வீடு மாறிப் போனவர்தானே புது முகவரியைச் சொல்ல வேண்டும்?

நானும் அப்படித்தான் எட்டு மாதம் ஒருவரையும் அழைக்காமல் காத்திருந்தேன். கல்லூரி விடுதியில் மூன்றாண்டு ஒரே அறையில் இருந்த நண்பனின் தந்தை அந்த இடைவெளியில் காலமானார். அவன் செய்தியை முகநூலில் போட்டிருந்தான். துக்க வீட்டில் இருப்பவன் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எனக்குத் தெரியவந்தபோது 16-ஆம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றிரவே திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறினேன். பட்டாசலில் மாலையிட்ட படத்தின்முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘எங்கய்யா போன? ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட உன்னத்தான் கேட்டாவ’ என்றார் அவன் அம்மா. அவன் ஒன்றும் சொல்லாமல் காபி டம்ளரை என்முன் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவனுக்கே தெரியாமல் அவனுக்கு ஒரு தேர்வு வைத்து, அவன் தோற்றுவிட்டதாகவும் நானே முடிவு கட்டியிருந்தேன். ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்கிறது, கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. அத்தனை மணி நேரத்தில் விளைந்ததை வீம்புக்காகப் பணயம் வைக்காதீர்கள். முதலில் நீங்கள் அழையுங்கள்; எடுக்காவிட்டால் அடுத்த வாரமும் அழையுங்கள்.

எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது

வேண்டாம். அது இன்னொரு முகநூலாகிவிடும்.

நாள்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்புவது

பிறந்தநாளை இத்தனை காலம் நமக்கு நினைவூட்டியது முகநூல். இப்போது சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், புத்தாண்டுக்கு அது வந்தவுடனேயே, பென்சிலால் குறித்துவிடுகிறேன். அந்தத் தந்தையின் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து அதையும் குறிக்கிறேன். அன்று மாலை அழைத்தால் நண்பன் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ‘அம்மாகிட்ட கொடுக்கேன்’ என்பான்.