செஸ் போட்டியில் கோட்டைவிடும் இடங்கள்

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது முதலில் யானையில் கை வைப்பதை வீட்டு ஆட்டத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி நடக்கும் போட்டியில் அது பலிக்காது. யானையைத் தொட்டுவிட்டு ராஜாவிடம் போனால், அந்த முறை அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. யானையைத்தான் நகர்த்த வேண்டும். ராஜா இரண்டு கட்டம் நகர்ந்த பிறகே யானை, அதுவும் ஒரே கையால். இரு கைகளாலும் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் விதிமீறல். ஸ்டாண்டர்டு (நீண்ட நேர) ஆட்டத்தில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆட்டமே போய்விடும்.

சிப்பாய் கடைசி வரிசையை எட்டிய பரபரப்பில், அதற்குப் பதிலாக வைக்க ராணி கிடைக்காமல், யானையைக் கவிழ்த்து ராணியாக வைப்பவர்கள் உண்டு. நடுவர் கண்ணுக்கு அது வெறும் யானைதான். கடிகாரத்தை நிறுத்தி ராணி கேட்க அனுமதி இருக்கிறது, கேளுங்கள்.

மூன்று முறை ஒரே நிலை வந்தால் டிரா என்பது எல்லோருக்கும் தெரியும். கோரும் முறையில்தான் சறுக்குகிறார்கள். மூன்றாவது முறை அந்த நிலையைக் கொண்டுவரும் நகர்த்தலைப் பலகையில் ஆடக் கூடாது. நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, காயைத் தொடாமல் நடுவரை அழைக்க வேண்டும். ஆடிக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் உங்கள் உரிமை அப்போதைக்குப் போயிற்று. நிலைகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆட்டக்காரரின் முறையாக இருக்க வேண்டும்.

ஆளுக்கு 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடியும் உள்ள ஆட்டத்தில், ஏற்கெனவே முடிவுசெய்த நகர்த்தலை மூன்றாம் தடவை சரிபார்ப்பதிலேயே நேரம் கரைகிறது. 20 நகர்த்தல் முடிகையில் 45 நிமிடமாவது கையில் இருக்கட்டும். கடைசி நிமிடத்திலும் நகர்த்தலை எழுதியாக வேண்டும். ஆகவே அந்த 30 விநாடி முழுதும் யோசனைக்குக் கிடைக்காது.

ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தால் போதுமென்று மிச்சக் காய்களை வெட்டித் தள்ளுவது, என் கணக்கில், இவை எல்லாவற்றையும்விட அதிகப் புள்ளியைத் தின்கிறது. வெள்ளை ராஜா இ4 கட்டத்தில் (இ நெடுவரிசை, 4-ஆம் கிடைவரிசை), வெள்ளைச் சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6, வெள்ளையின் முறை. சிப்பாயை இ3-க்குத் தள்ளினால் கறுப்பு ராஜா வழிவிட்டே ஆக வேண்டும்; வெள்ளைக்கு வெற்றி. அதே சிப்பாய் முன்பே இ3-இல் நின்றிருந்தால் விலக வேண்டியது வெள்ளை ராஜா, ஆட்டம் டிரா. கடைசி ஜோடி யானைகளை வெட்டும் முன், இரு ராஜாக்களும் எங்கே நிற்கும், அப்போது யார் முறை, சிப்பாய்க்கு (மேலே இ2-இலிருந்து இ3 போல) உபரி நகர்த்தல் மிச்சமிருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்.