முதலில் ஒரு குளம், அப்புறம் பைனாகுலர்

பறவை பார்க்க ஆசை வந்ததும் பலர் பைனாகுலர் தேடிக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் ஓர் இடத்தைப் பிடியுங்கள் என்பேன். நடந்தே போகிற தூரத்தில் ஒரு குளமோ ஓடையோ பழைய மரங்கள் நிற்கும் பூங்காவோ போதும். தண்ணீர் கரையைத் தொடுகிற இடத்திலும், புதர் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்திலும் நில்லுங்கள். இரையும் மறைவிடமும் பக்கத்திலேயே கிடைப்பதால் பறவைகள் அங்கேதான் கூடும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம் அருமையானது. வெயில் உங்கள் முதுகில் விழட்டும். எதிர்வெளிச்சத்தில் மீன்கொத்திகூட வெறும் நிழலாகத்தான் தெரியும்.

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தின் வரைபடத்தில், மற்றவர்கள் எங்கே என்னென்ன பார்த்தார்கள் என்று தேடலாம். ஆனால் பெயர் பெற்ற சரணாலயத்துக்கு ஆண்டுக்கொரு முறை போவதைவிட, ஒரே குளத்துக்கு வாரந்தோறும் போவதையே நான் விரும்புகிறேன். எது அங்கேயே வாழ்கிறது, எது வலசை வந்தது என்பது அப்படிப் போனால்தான் பிடிபடும்.

சரி, பைனாகுலர். நான் முதலில் வாங்கியது 12×50. பெரிதாகத் தெரியுமே என்று நினைத்தேன். கையின் அசைவும் சேர்ந்தே பெரிதானது. கிளையைக் கண்டுபிடிப்பதற்குள் குருவி பறந்துவிடும். இப்போது என்னிடம் இருப்பது 8×42. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் சுமார் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மில்லிமீட்டர் என்பதால் விடியற்காலை மங்கலிலும் காட்சி தெளிவாக இருக்கும். என்னைப் போல மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ‘ஐ ரிலீஃப்’ (முழுக் காட்சியும் தெரிய, கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற அளவு) எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகும். கழுத்தில் அரை மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்து, எடை ஒத்துவந்தால் வாங்குங்கள்.

வாங்கியதும் வலது லென்ஸை மூடி, தூரத்துப் பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, வலது கண்ணுக்கான வளையத்தைத் திருப்புங்கள் (பெரும்பாலும் வலப்பக்கக் கண்வில்லையில்தான் இருக்கும்). இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் கண்வலியோடு பார்க்கிறவர்கள் உண்டு.

அடுத்தது, பறவைகளை அடையாளம் காண உதவும் கையேடு. அதில் புகைப்படங்களைவிட ஓவியங்களே எனக்கு உதவுகின்றன. புகைப்படம் அந்த நொடியின் வெளிச்சத்தில் தெரிந்த ஒரு பறவையைக் காட்டுகிறது. ஓவியர் அந்த இனத்தின் அடையாளங்களையே எடுத்து வரைகிறார். ஆண், பெண், இளம்பறவை மூன்றும் இருக்கின்றனவா, அந்தப் பறவை எங்கெங்கே காணப்படும் என்று காட்டும் பரவல் வரைபடம் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பறவையின் பக்கத்தைப் புரட்டி, அதை ஒத்த இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று சொல்லியிருக்கிறதா எனச் சோதியுங்கள். ஒன்றுபோலவே தெரியும் கரைப்பறவைகளான உள்ளான்கள் முன்னால் நிற்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

பறவை கண்ணெதிரே இருக்கும்வரை புத்தகத்தைத் திறக்காதீர்கள். அலகின் நீளம், கண்ணருகே உள்ள கோடு, கால் நிறம், வாலை ஆட்டுகிறதா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அது பறந்து போன பிறகு பக்கம் புரட்ட நேரம் இருக்கிறது.